பீரோவுக்கு நடக்கத் தெரியாது

பூட்டுக்கடை வீதியில் ஒரு மனிதனின் வாய்ச்சொல்லுக்கு இன்றைய விலை ஒரு பீரோக்கடை. போர்டு, பின்பக்கக் கோடவுன், தை மாசக் கல்யாணங்களுக்கு வந்திருக்கும் முன்பணம் எல்லாம் சேர்த்துத்தான். குறைத்துக் கேட்க ஆளில்லை. கூட்டிக் கேட்கவும் ஆளில்லை. இது தெரிந்த நாளிலிருந்து சேவுகப்பெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை.

காரைக்குடியில் பூட்டுக்கடை வீதி என்றால் நகை, துணி, பாத்திரம், வளையல், பீரோ என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டியது மொத்தமும் ஒரே தெருவில் கிடைக்கும். மாப்பிள்ளை மட்டும்தான் வெளியே பார்க்க வேண்டும். ஆனால் தெருவின் அகலம் ஒரு காரும் ஒரு கோபமும் போகிற அளவுதான். இரண்டு கார் எதிரெதிரே வந்துவிட்டால் யார் பின்னால் எடுப்பது என்று தீர்வதற்குள் மூன்று குடும்பம் மதுரைக்கு பஸ் ஏறிவிடும். இந்த லட்சணத்தில்தான் வீதியை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கலாமா என்ற பேச்சு மாநகராட்சியிலிருந்து வந்தது. கேட்டுப்போக வந்த அதிகாரியிடம் பேசுவதற்குக் கடைக்காரர்கள் ஒரே மனதாக அனுப்பிய ஆள், பீரோக்கடைக்காரரும் சங்கச் செயலாளருமான சேவுகப்பெருமாள்.

காரணம் இருந்தது. அவருடைய அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே வாங்குபவனையும் விற்பவனையும் ஒரு விலைக்குக் கொண்டுவந்தவர். மகனுக்கு அந்த வித்தை நாக்கில் இறங்கியிருந்தது. மனதில் பத்து இருந்தால் வாயில் நாற்பது சொல்ல வேண்டும்; எதிராளி ஐந்தில் ஆரம்பிப்பான்; இரண்டு டீ குடிப்பதற்குள் பத்தில் வந்து நிற்கும். வீதியில் யாருக்கும் இதில் சந்தேகம் கிடையாது.

அதிகாரியின் பெயர் துர்காதேவி. கோயமுத்தூர்ப் பக்கம். வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. சேவுகப்பெருமாள் மனதில் வைத்துக்கொண்டு போனது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். ஜனங்கள் குடும்பத்தோடு ஐஸ்கிரீம் தின்றபடி நடக்கட்டும். மற்ற நேரமெல்லாம் தன் பீரோக்கள் வேனில் ஏறிப் போகட்டும். அதனால் வாயில் நாற்பதைச் சொன்னார்.

“மேடம், அரைகுறை வேலையெல்லாம் எங்களுக்கு ஆகாது. செய்யிறதா இருந்தா முழுசாச் செய்யிங்க. வருசம் பூராவும், காலையில இருந்து ராத்திரி வரைக்கும், இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரு வண்டி உள்ள வரக்கூடாது.”

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, அந்தம்மாள் ‘ஐயோ’ என்பதற்காகக் காத்திருந்தார்.

துர்காதேவி பேனாவைக் கீழே வைத்தார். “நெசமாத்தான் சொல்றீங்களா சார்?”

“வாக்கு மாறுற ஆளு நான் இல்ல மேடம்.” இதுவும் பேரத்தில் ஒரு படிதான்.

“ரொம்ப சந்தோசங்க சார். நான் ஞாயித்துக்கெழம சாயங்காலம் மட்டும் கேக்கலாம்னுதானுங்க வந்தேன். அதுக்கே நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு பயந்துட்டு இருந்தேன்.”

எழுதிக்கொண்டார். கை கொடுத்தார். டீகூட வரவில்லை.

சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துவிட்டுப் போகிற வாடிக்கையாளரைக் கண்டு எந்த வியாபாரியும் சந்தோஷப்பட்டதில்லை. அவன் போன பிறகுதான் கோட்டை விட்டது எவ்வளவு என்று தெரியும். சேவுகப்பெருமாளுக்கு வாசற்படி இறங்குவதற்குள் தெரிந்துவிட்டது.

திரும்பிப் போய், “சும்மா பேச்சுக்குச் சொன்னேன்” என்றால் முடிந்தது அல்லவா? முடியாது. அவருக்கு இரும்புத் தகடு அனுப்புகிற சேலத்துக்காரர் லோடு ஏற்றுவது போனில் அவர் சொல்கிற ஒரு ‘சரி’யை நம்பித்தான். சொன்ன விலையிலிருந்து பின்வாங்கினவன் என்று பெயர் வந்தால் அடுத்த லோடு வராது. பின்வாங்காவிட்டாலோ, வந்த லோடு வெளியே போகாது.

கடையின் பெயர் ‘ரேணுகா ஸ்டீல் பர்னிச்சர்’. ரேணுகா அவர் மனைவி. கல்லாவில் பாதி நாள் அவள்தான் இருப்பாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் கல்லாவை இழுத்து மூடினாள்.

“ஏங்க, துணிய மடிச்சு பையில போட்டுக்கிட்டு நடந்துருவாக. நகைய மடியில கட்டிக்கிட்டு நடந்துருவாக. பீரோ நடக்குமா?”

“நாலு ஆள வச்சு முனை வரைக்கும் தூக்கிட்டுப் போகலாம்ல?”

“நல்லாத்தான் இருக்கும். பீரோவப் படுக்கப்போட்டு, மால வேற சாத்தி, நாலு பேரு தோள்ல வச்சுத் தூக்கிட்டு வந்தா, எதிர்ல வாரவன் செருப்பக் கழத்திட்டு ஓரமா நிப்பான். பொண்ணப் பெத்தவுக அங்குட்டே மயங்கி விழுவாக.”

“சரி, தள்ளுவண்டி.”

“தள்ளுவண்டியில போயி, முனையில எறக்கி, திரும்ப வேன்ல ஏத்தணும். கடைவாசல்ல நல்ல நேரத்துல ஏறுன சீரு, பொண்ணு வீடு போற வரைக்கும் தரையில படக்கூடாதுன்னு வாரவுக போறவுக எல்லாருக்கும் சொன்னது யாரு? நீங்கதான?”

அவர்தான். பக்கத்து ஊர் பீரோக்கடைக்காரனைக் கவிழ்ப்பதற்காக எப்போதோ எடுத்துவிட்ட பேச்சு. இப்போது சுற்றுப்பட்டு ஊர் முழுக்க அது சாஸ்திரமாகிவிட்டது.

மறுநாள் அமராவதிபுதூரிலிருந்து போன். இரண்டு பீரோ, ஒரு கட்டில், டிரெஸ்ஸிங் டேபிள் சொல்லியிருந்த வீடு. “என்னங்க, ஒங்க வீதிக்குள்ள இனிமே வேனு வராதாமே? வாசல்ல ஏத்த முடியாதுன்னா சொல்லிருங்க. நாங்க மதுரையில பாத்துக்கிறோம்.”

“அதெல்லாம் யாரோ கெளப்பிவிட்டது. ஒண்ணும் முடிவாகல” என்றார்.

முடிவாகத்தான் இல்லை. கடைக்கு ஒரு கை வீதம் எண்ணப்போவதாகவும், பாதிப் பேர் வேண்டாம் என்றால் திட்டத்தைக் கைவிடுவதாகவும் துர்காதேவி சொல்லியிருந்தார். அதில்தான் சேவுகப்பெருமாளுக்கு ஒரு சந்து தெரிந்தது. தான் ‘வேண்டும்’ என்று கை தூக்குவதாகத்தான் வாக்கு. ஜெயிக்க வைப்பதாக வாக்கு இல்லை. மற்றவர்கள் வேண்டாம் என்றுவிட்டால் சொல்லும் நிற்கும், கடையும் நிற்கும்.

முதலில் நகைக்கடை ஆசைத்தம்பியிடம் போனார்.

“வாங்கண்ணே. பெரிய காரியம் முடிச்சுட்டு வந்திருக்கீக.”

“அட போப்பா. அதுல ஒரு மண்ணும் இல்ல. நகை வாங்குறவன் கார்லதான வாரான்? அவன முனையில எறக்கிவிட்டா வெயில்ல நடந்தா வருவான்? நீ வேண்டாம்னு கையத் தூக்கிரு.”

ஆசைத்தம்பி கையிலிருந்த மோதிரத்தைத் தட்டில் வைத்தார். “அப்ப நீங்க?”

“நான் வாயக் குடுத்துட்டு வந்துட்டேன். நான் வேணும்னுதான் தூக்கணும்.”

“ஓகோ” என்றார் ஆசைத்தம்பி. “அப்படியே செஞ்சிருவோம்ணே.” பையனை அனுப்பாமல் தானே எழுந்து போய் டீ சொன்னார்.

வளையல்கடை மீனலோசனியிடமும் இதையே சொன்னார். ஹேர்பின் அட்டை வாங்கவே மொத்த வியாபாரியை அழவைக்கிற பெண்பிள்ளை அவள். “நீங்க சொன்னாச் சரியாத்தாண்ணே இருக்கும்” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். போன கடையிலெல்லாம் இதே மரியாதை, இதே ‘சரிண்ணே’. ஒருவர்கூட ‘ஏன்’ என்று கேட்கவில்லை.

மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இந்த வாரத்தில் யாருமே அவரோடு பேரம் பேசவில்லை.

கூட்டம் சங்கக் கட்டடத்தில். துர்காதேவி சுருக்கமாகப் பேசிவிட்டு, “வேணுங்கறவங்க கை தூக்குங்க” என்றார். சேவுகப்பெருமாள் வாக்குப்படி தூக்கினார். தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தார். ஆசைத்தம்பி தூக்கியிருந்தார். மீனலோசனி வளையல் குலுங்கத் தூக்கியிருந்தாள். துணிக்கடை, பாத்திரக்கடை, பலகாரக்கடை. கூடம் முழுக்கக் கைதான்.

ஆசைத்தம்பி அவர் பக்கம் சாய்ந்தார். “ஏண்ணே, எங்கள எல்லாம் ஒதுக்கிவிட்டுட்டு நீங்க மட்டும் லாபம் பாக்கலாம்னு இருந்தீகளோ? சரக்கக் கொறை சொல்றவரு அத வாங்கத்தான் வந்திருக்காருன்னு எங்களுக்குத் தெரியாதா?”

“ஏப்பா, நான் நெசமாவே...”

“பீரோக்கடைய ஐஸ்கிரீம் பார்லரா மாத்தப் போறீகளாமே. மீனலோசனி சொல்லுச்சு. எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

சேவுகப்பெருமாள் தூக்கிய கையை இறக்கினார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உண்மையைச் சொல்லிச் சரக்கு தள்ளப் பார்த்திருக்கிறார், ஒருத்தரும் வாங்கவில்லை.

“வேண்டாங்கறவங்க?” என்றார் துர்காதேவி, சம்பிரதாயத்துக்கு.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கையில் கடைச் சாவிக்கொத்து.

“ரேணுகா ஸ்டீல் பர்னிச்சர்” என்றாள் ரேணுகா.

சிரிப்பு எழுந்தது. “உங்க வீட்டுக்காரரு வேணும்னு தூக்கிட்டாருங்களேம்மா” என்றார் துர்காதேவி.

“வாக்குக் குடுத்தது அவுக. கடை லைசென்ஸு என் பேர்ல இருக்கு. அவுக கை அவுக சொன்ன சொல்லுக்கு. என் கைதான் கடைக்கு.”

துர்காதேவி பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். தலையாட்டினார். “சரிங்க. ஒரு கை வேண்டாம். ஆனா மீதிப் பேரு எல்லாம் வேணுங்கறாங்களே. உங்களுக்கு நான் என்னங்க செய்யட்டும்?”

“என் கடைக்கு நாள் பூரா வேனு வரணும்.”

“அது முடியாதுங்கம்மா.”

முடியாது! அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்றே சேவுகப்பெருமாள் நினைத்திருக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“அப்ப மத்தியானம் பன்னெண்டு வரைக்கும்.”

“காலைல ஏழு மணி வரைக்கும் சரக்கு வண்டிய விடலாங்க.”

“ஏழு மணிக்கு எந்தப் பொண்ணு வீட்டுக்காரவுக குளிச்சுட்டு வருவாக? பத்தாச்சும் குடுங்க.”

“எட்டுங்க. அதுக்கு மேல கேக்காதீங்கம்மா.”

“எட்டுக்கு ஆளே வந்து சேராது. ஆறுல இருந்து ஒம்போது. எனக்குன்னு இல்ல, வீதியில எல்லாத்துக்கும் சரக்கு வண்டி அந்த நேரம் வரட்டும். நீங்களும் எறங்கி வாங்க, நானும் எறங்கி வாரேன்.”

துர்காதேவி பேனாவை எடுத்தார். “ஒம்பதுங்க. எழுதிக்கறேன்.”

கூட்டம் கலைந்தது. ஆசைத்தம்பி சேவுகப்பெருமாளின் தோளில் தட்டி, “சம்சாரத்த விட்டுப் பேசவச்சீக பாத்தீகளா, அங்கதான்ணே நீங்க நிக்கிறீக” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுத்துப் பிரயோசனமில்லை.

கடைக்குத் திரும்பியதும் ரேணுகா மின்விசிறியைப் போட்டாள். “மூணு மணி நேரம் வாங்கியாந்திருக்கேன். மூஞ்சிய இன்னும் ஏன் இப்படி வச்சிருக்கீக?”

“மூணு மணி நேரம்னு நீ சொல்ற. காலண்டரு என்ன சொல்லுது பாரு” என்று சுவரைக் காட்டினார். “திங்கக்கெழம ஏழரைக்கு ராகு காலம். அதுக்கு மேல எவன் சீரு ஏத்துவான்?”

“ஏழரைக்குள்ள ஏத்துனா ஆச்சு. பாதி நாளுன்னு வைங்க.”

“செவ்வா?”

செவ்வாய்க்கிழமை சீர்ச்சாமான் எடுக்கிற வீடு அந்தச் சீமையிலேயே கிடையாது.

“புதன் ஏழரைக்கு எமகண்டம்” என்றார். “வியாழன் எமகண்டம் ஆறுக்கே ஆரம்பிச்சுரும். ஏழரைக்குத்தான் விடும்.”

“ரெண்டும் பாதி பாதி. வெள்ளி காலையில ஒரு கொறையும் இல்ல. ஞாயிறும் அப்படித்தான்.”

“சனி?”

“சனிக்கெழம இரும்பு வாங்குவாகளா? என்ன கேள்வி இது.”

மேஜைமேல் போன் அடித்தது. அமராவதிபுதூர். வேன் வாசலுக்கு வருமா, வராதா என்று கேட்பார்கள்; எந்தக் கிழமைக்கு என்று இவர் கேட்க வேண்டும்; எந்தெந்தக் கிழமை முடியும் என்றும் இவரே சொல்லவேண்டும். எடுக்கப் போன ரேணுகாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவர் விரலை மடக்கி ஒருமுறை சரிபார்த்தார்.

ஞாயிறு முழுசு. திங்கள் பாதி. செவ்வாய் கிடையாது. புதன் பாதி. வியாழன் பாதி. வெள்ளி முழுசு. சனி கிடையாது. ஆக, வாரத்தின் ஏழு நாளில் வரவு மூன்றரை, பாக்கி மூன்றரை.