ஆறு கட்சிகள் பங்கு போட்ட சலவைக்கூடம்

அரசாங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் நாங்கள் வைத்திருந்த பெயர் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட். ஒன்று போனால் மற்றது வரும். காலை ஷிப்ட் ஆட்சிக்கு வந்தால் சலவையைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிடும். அவர் தன் ஆட்களோடு வருவார். நாங்கள் முப்பது பேரும் வீட்டுக்குப் போவோம். மாலை ஷிப்ட் வந்தால் அதைத் திரும்ப வாங்கும். முப்பது பேரும் திரும்பி வருவோம். பத்து வருஷம் இடைவிடாமல் வேலை பார்த்தால்தான் நிரந்தரம் என்பது விதி. ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல் வருகிற நாட்டில் இந்த விதியை எந்தப் புண்ணியவான் எழுதினானோ. கையில் கிடைத்தால் ஆபரேஷன் தியேட்டர் துணியோடு சேர்த்துக் கொதிக்க வைத்திருப்பேன்.

என் நாத்தனாருக்கும் அங்கேதான் வேலை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, அதே பதினாலு வருஷமாக எங்கள் வீட்டு ஹாலில்தான் படுக்கிறாள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அவளை ஒரு சொல் சொன்னதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சொல்லியிருக்கிறேன், நிறையவே. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை. நிரந்தரமானவர்களுக்கு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் அப்படி ஒன்று கிடைக்கும்.

போன தேர்தலுக்கு முன்னால் முறையை மாற்றினார்கள். வாங்குகிற ஓட்டுக்கு ஏற்ற இடம், சின்னக் கட்சிக்கும் பங்கு உண்டு என்றார்கள். மழைக்கு முளைத்த காளான் மாதிரி கட்சிகள் கிளம்பின. ஓட்டுச்சீட்டு தலையணை உறை நீளத்துக்கு வந்துவிட்டது. அதில் ஒன்று கணக்கு வாத்தியார் கட்சி. ஓய்வு பெற்ற மனுஷன், எங்கள் கூடத்துக்கே வந்தார். முப்பது பேரையும் நிரந்தரமாக்க எவ்வளவு ஆகும், அந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கலாம் என்று எங்கள் சுவரிலேயே சாக்பீஸால் எழுதிக் காட்டினார். அதுவரை எங்களிடம் கும்பிடு போட்டு ஓட்டுக் கேட்டவர்கள்தான் உண்டு. கணக்குப் போட்டுக் கேட்டவர் இவர்தான். நான் அப்படியே விழுந்துவிட்டேன்.

நாத்தனார் விழவில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்றாள். போர்வை மடித்துக்கொண்டே இரண்டு நாள் சண்டை போட்டோம்.

"ரெண்டு பேரா இருந்தா எவன் அடிச்சான்னாவது தெரியும் அண்ணி. அடுத்த தடவை திருப்பிக் குடுக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து உக்காந்தா யார் சட்டையைப் பிடிக்கிறது?"

"எரியிற கொள்ளியில எது நல்ல கொள்ளின்னு பார்த்துப் பார்த்தே நமக்குக் கிழடு தட்டிடுச்சு. இந்த ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு."

கேட்டாள். அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறவள் அண்ணியின் பேச்சை எத்தனை நாள் தட்ட முடியும்? இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவளை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வாத்தியாருக்கு நாலு இடம் கிடைத்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அரசு அமையவே மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் ப்ளீச்சிங் தண்ணீரில் என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. நான் துவைக்கிற பக்கம், அவள் தேய்த்து மடிக்கிற பக்கம். ஒரு நாள் காலையில் என் கையைப் பார்த்தவள், என் ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள். கை ஆறுகிற வரைக்கும் நான் அவள் இஸ்திரி மேஜையில் நின்றேன். எங்கள் கூடத்தில் இப்படி மாற்றிக்கொள்வது சகஜம். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது.

கடைசியில் காலை ஷிப்ட், வாத்தியார், இன்னும் நாலு கட்சிகள், ஆக ஆறு பேர் கூடி ஆட்சி அமைத்தார்கள். காலை ஷிப்ட் காண்ட்ராக்டர்தான் வேண்டும் என்றது. வாத்தியார் நிரந்தரம் என்றார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். துவைப்பது காண்ட்ராக்டருக்கு. தேய்த்து மடிப்பது அரசுக்கு. அங்கே இருக்கிற பதினைந்து பேர் மட்டும், விதியைத் தளர்த்தி, நிரந்தரம். வாத்தியாருக்கு மீன்வளத் துறை. மீனுக்கும் கணக்குக்கும் என்ன உறவோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

முன்பெல்லாம் முப்பது பேரும் சேர்ந்து வெளியே போவோம். வாசலில் நின்று ஒன்றாக அழுவோம், ஒன்றாகத் திட்டுவோம். இந்தத் தடவை தொட்டிக்கும் மேஜைக்கும் நடுவே கோடு விழுந்தது. அந்தப் பக்கத்துக்காரிகள் இந்தப் பக்கத்துக்காரிகளோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

பட்டியல் எடுக்க ஓர் அதிகாரி வந்தார். என் கை இன்னும் முழுசாக ஆறவில்லை, அவள் மேஜையில்தான் நின்றிருந்தேன். யார் எங்கே நிற்கிறார்களோ அதை எழுதிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து, "எத்தனை வருஷமா தேய்க்கிறீங்க?" என்று கேட்டார்.

மூன்று வாரம். அதுதான் பதில். என் நாத்தனார் எதிரே தொட்டியில் முழங்கை வரை கையை விட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு வருஷமா," என்றேன்.

அதிகாரி அவளிடம் போனார். அவள் வாயைத் திறந்தால் என் பொய் அங்கேயே கிழிந்துவிடும். திறக்கட்டும் என்றும் இருந்தது, திறக்கக் கூடாது என்றும் இருந்தது. எத்தனை வருஷமாகத் துவைக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பதினாலு வருஷம் என்றாள்.

பட்டியலை ஒட்டினார்கள். தவறிருந்தால் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். என் வயசு என்ன, பையன் படிப்பு என்ன, கிடைத்ததை விட்டால் அதுவும் போய்விடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நாளும் போயிற்று.

பதினோராம் நாள் அவள் பெட்டியைக் கட்டினாள். ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையாம். தங்குகிற இடம் அவர்களே தருகிறார்களாம். அந்த அம்மா படுத்திருக்கிற அறையிலேயே கீழே படுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர், நாம் குவார்ட்டர்ஸ் போகிற நேரத்தில் இவளுக்கு என்ன வீம்பு என்று சத்தம் போட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல அண்ணி," என்றாள். "நீங்களும் சொல்லிக்க வேண்டாம்."

நடுத்தெருவில் நிறுத்தி என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, பழியையெல்லாம் அந்த ஆறு கட்சிகள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதற்குக்கூட அவள் வழி வைக்கவில்லை.

போன வாரம் வாத்தியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முப்பதுக்குக் கேட்டேன், பதினைந்துதான் கிடைத்தது, வேண்டாம் என்று எழுந்து வந்திருந்தால் இந்தப் பதினைந்தும் போயிருக்கும் என்று எங்களிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். மற்றவர்கள் அவரை வார்த்தையால் வறுத்து எடுத்தார்கள். நீயும் நாலு வார்த்தை கேளு என்று என்னை முன்னால் தள்ளினார்கள்.  அந்த மனுஷன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், பத்து நாளாக அந்தப் பட்டியல் முன்னால் நின்று நான் சொல்லிக்கொண்டதுதான்.