மஞ்சள் டையும் முதன்மைப் பல்கலைக்கழகமும்

"என் பேர் வில்மர் ஒச்சோவா. வயசு இருபத்தாறு. இங்க பிளாட் பெண்ட் ஊர்லதான், மண்ணியல் துறையில ஆராய்ச்சி பண்றேன்."

மைக்கில் இவ்வளவுதான் சொல்லியிருந்தான். அதற்குள் கூடத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. மேடை நடுவில் இருந்த பல்கலைக்கழக ஆட்சிக்குழுத் தலைவர் கிளின்ட் ஹாகர்ட்டி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"தம்பி, அந்த டைய எங்க புடிச்ச? உளவு பாக்க வந்தியா?"

வில்மர் குனிந்து பார்த்தான். மஞ்சளும் கறுப்பும் கலந்த பட்டை டை. துறையைப் பற்றிய பொது விசாரணையில் பேச டை வேண்டும் என்றார்களே என்று, சர்ச்சின் பழைய துணிக்கடையில் எடுத்தது. மஞ்சளும் கறுப்பும் பக்கத்து மாநிலத்து அணியின் நிறம். நாளைக்கு அவர்களோடுதான் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். கூடத்தில் சாக்ஸ் வரைக்கும் எல்லாரும் சொந்த அணியின் சிவப்பு. மைதானம் கத்துகிற சனிக்கிழமைகளில் ஆய்வகத்தில் மண் சலித்துக்கொண்டிருந்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"கழட்டுடா கண்ணா, என் மானமும் சேந்து போகுது" என்று லவோன் ஹ்ருஷ்கா எழுந்து வந்தாள். தன் சிவப்புத் தொப்பியை அவன் தலையில் கவிழ்த்தாள். மேற்கே மக்காச்சோளம் விதைப்பவள். அவள் வயல் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் வில்மர்தான் சோதித்துக் கொடுத்துவருகிறான். சாட்சி சொல்ல வரும்படி கெஞ்சி அழைத்ததும் அவன்தான்.

துறையை மூடப்போகிறார்கள். பணம் போதவில்லை, மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகம் என்ற பெயரைக் காப்பாற்றுகிற துறைகளை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று முடிவு. தரவரிசையில் மண் ஏறாது. துறை போனால் வில்மரின் அமெரிக்க விசாவும் போகும். பட்டம் இல்லாமல் ஹோண்டுராஸ் திரும்ப வேண்டும். வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

டை பேச்சிலேயே பாதி நேரம் போயிருந்தது. மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"எல்லா மாவட்டத்து ஆளுங்களும் மண்ணைப் பையில கட்டிக்கிட்டு வந்து கதவத் தட்டுற எடம் இந்த மாநிலத்துல இது ஒண்ணுதான். அதுதான் முதன்மைன்னு நான் நெனைக்கிறேன்."

நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது. உட்கார்ந்தான்.

அடுத்து லவோன். "கிளின்ட், எங்க கிணத்துல உப்பு ஏறினப்ப உங்க தரவரிசையா வந்து பாத்துச்சு? இந்தப் பையன்தான் வந்தான். சேத்துல பூட்ஸ விட்டுட்டுப் போனான்."

"சரி லவோன். இந்தத் துறைய வச்சுக்கிட்டா, உங்க ஊர்ல இருக்குற நம்ம பல்கலைக்கழகக் கிளையத்தான் மூடணும். வேற வழி இல்ல. எது வேணும், நீயே சொல்லு."

அந்தக் கிளையில் அவளுடைய பேத்தி நர்சிங் படிக்கிறாள். அங்கிருந்து அடுத்த கல்லூரிக்கு அரை நாள் பயணம். லவோன் மேடையைப் பார்த்தாள், திரும்பி வில்மரைப் பார்த்தாள்.

"கிளை" என்றாள், மைக்கில் விழாத குரலில்.

"கொஞ்சம் சத்தமா?"

"கிளைன்னு சொன்னேன்யா. காது அடைச்சிருக்கா?"

மேடையில் ஓட்டுக்குக் கைகள் உயர்ந்தன. மண்ணியல் துறை முடிந்தது.

அவளுடைய டிரக்கிலேயே அவனை அறைக்குக் கொண்டுவந்து விட்டாள். கசகசா வைத்த கொலாச்சே ரொட்டியை மடியில் வைத்தாள். "கோவமா?"

"இல்ல மேடம்." கோபப்படவும் தெம்பு இல்லை. அவனிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"நாளைக்கு ஆட்டத்துக்கு வர்றியா? எங்க வீட்டுக்காரர் போனதுலேந்து பக்கத்து சீட்டு சும்மாதான் கெடக்கு."

"ஃபுட்பால்னு பேரு வச்சிருக்கீங்களே, அந்தப் பந்து எப்பவாச்சும் கால்ல படுமா மேடம்?"

"அபூர்வமா" என்றாள். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். தொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை.

அறையில் பூட்ஸைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்தான். கைப்பேசியை வாயருகே பிடித்து, வீட்டுக் குழுவுக்குப் பேச ஆரம்பித்தான். பேசப்பேச எழுத்துகள் ஓடின.

"எசேனியாக்கா, நீயே அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லிடு. துறைய மூடுறாங்க. வருஷக் கடைசி வரைக்கும் இருப்பேன். யார் மேலயும் தப்பு இல்ல. இதப் படிக்கிற யாருக்காச்சும் மண்ணுப் படிப்பு இருக்குற வேற பல்கலைக்கழகம் தெரிஞ்சா எனக்கு எழுதுங்க. முதன்மையா இல்லாட்டியும் பரவாயில்ல."