இரண்டாவது ஜாடி

எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஆண்டுதோறும் பொதுமக்களுக்காக ஒரு கண்காட்சி நடைபெறும். உடலின் உறுப்புகளை மேசைகளில் வைத்து, வருவோருக்கு மாணவர்களே தமிழில் விளக்குவார்கள். யாருக்கு எந்த மேசை என்பதை நோயியல் துறைப் பேராசிரியையான நான்தான் முடிவு செய்வேன். இவ்வாண்டு நுரையீரல் மேசையைக் கோபிநாத்துக்குக் கொடுத்தேன். நன்றாகப் படிப்பவன், குரலும் கணீரென்று இருக்கும். அவனுடைய தந்தையார் திரு. கலியபெருமாள் அவர்கள், தவளக்குப்பத்துக்கு அப்பால் வெள்ளைக்கல்லை, அதாவது குவார்ட்ஸை, மாவாக அரைக்கும் மில்லின் உரிமையாளர்.

அந்த மில்லில்தான் என் தம்பி கிளாட்வின் மூட்டை பிடித்தான். அரியாங்குப்பத்தில் மாதா தேர் பவனியின்போது ட்ரம்பெட் ஊதியவன். பீடியைக் கையால் தொட்டதில்லை. முதலில் நீண்ட சுரங்களை விட்டான். பிறகு ட்ரம்பெட்டையே விட்டான். கடைசியில் கட்டிலிலிருந்து வாசல்வரை நடப்பதையும் விட்டான்.

"அக்கா, மொதலாளி என்னை பீடிக்காரன்னுதான் சொல்வாரு. நான் போய்ட்டா என் நுரையீரல எடுத்து உங்க காலேஜ்ல வச்சிக்க. என்னிக்காவது அவருக்கே காட்டு" என்று கேட்டுக்கொண்டான். அவன் விரும்பியபடியே செய்தோம்.

அடக்கத்துக்கு மாலையோடு வந்த கலியபெருமாள் அவர்கள், எங்கள் தாயார் ஆனந்தமேரியின் முன்னிலையிலேயே, "பீடிய வுடுடான்னு எவ்ளோ சொன்னேன், கேட்டானா?" என்றார்கள். பிறகு தொழிலாளர் துறை நடத்திய விசாரணையிலும் அதையே கூறினார்கள். நான் நீட்டிய நோயியல் அறிக்கை, உடன்பிறந்தவள் எழுதியது என்று ஒதுக்கப்பட்டது. அம்மா அன்றிலிருந்து ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி, கோயிலில் கடைசி வரிசையில் அமர்கிறார்கள்.

நான் காத்திருந்தேன். கோபிநாத் எங்கள் கல்லூரியில் சேர்ந்த நாளில் எனக்கு உண்டானது மகிழ்ச்சி என்றே சொல்ல வேண்டும்.

கண்காட்சி நாளன்று கலியபெருமாள் அவர்கள் தனியாக வரவில்லை. மில் வேனில் தொழிலாளர்கள் அனைவரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மகன் வெள்ளைக் கோட்டில் நின்று பேசுவதை எல்லோரும் பார்க்க வேண்டுமாம். ஆண்டவரிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றியிராத உதவி அது.

"பாத்துக்க பார்வதி, யாரு வூட்டுப் புள்ள?" என்றார்கள், மாவு சலிக்கும் பெண்மணியிடம்.

"உங்க வூட்டுதான் மொதலாளி. மூக்கு அப்படியே உங்களுது. நெறம்தான் தப்பிச்சிடுச்சி."

அனைவரும் சிரித்தனர். முதலாளி அவர்களும் சிரித்தார்கள். நான் சற்றுத் தள்ளி, முகக்கவசத்துடன் நின்றிருந்தேன்.

கோபிநாத் முதல் ஜாடியைக் காட்டினான். அது நலமான நுரையீரல். "இது மூச்சுக்குழாய். முன்பக்கம் குருத்தெலும்பு வளைஞ்சி வளைஞ்சி நிக்குது, அமுங்காம இருக்க. பின்பக்கம் கெடையாது. அங்க சோறு எறங்கற குழாய் இருக்கு, அதுக்கு எடம் வுடணும்ல? உள்பக்கமெல்லாம் பொடி முடி. தூசிய மேல தள்ளிகினே இருக்கும். குழாய் கிளை கிளையா பிரிஞ்சி, கடைசில குட்டிக் குட்டிப் பைங்க. காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தோலு, அவ்ளோதான்."

பிறகு இரண்டாவது ஜாடியைத் திருப்பினான். அதில் பெயர் கிடையாது, எண் மட்டுமே.

"இது பீடி குடிச்சவனுது. பாத்தாலே தெரில?" என்று கலியபெருமாள் அவர்கள் முந்திக்கொண்டார்கள். "நம்ம மில்லுலகூட ஒருத்தன் இருந்தானே, ஊதி ஊதியே போனான்."

"இல்லப்பா" என்றான் மகன், பாடம் தெரிந்த பெருமிதத்தோடு. "பீடின்னா இந்தப் பைங்களோட செவுரு ஒடைஞ்சி பெருசு பெருசா ஓட்டை வுழும். இது உருண்டை உருண்டையா, கெட்டியா இருக்குது பாருங்க. இது கல்தூளு. தூசிய முழுங்கற செல்லு ஒண்ணு இருக்கு. மத்த தூசிய முழுங்கி எப்படியோ சமாளிக்கும். வெள்ளைக்கல்லு தூள முழுங்குனா அதுவே செத்துடும். தூளு வெளிய வரும், அடுத்த செல்லு முழுங்கும், அதுவும் சாவும். செத்த எடமெல்லாம் தழும்பு. வேலைய வுட்டாலும் இது நிக்காது."

"நீ தப்பா படிச்சிருக்கடா."

"இல்லப்பா. வேணும்னா மைக்ராஸ்கோப்ல பாருங்க."

பார்த்தது பார்வதிதான். ஒரு கண்ணை மூடிக் குனிந்தவர், நெடுநேரம் நிமிரவில்லை.

"மினுக்குதுப்பா" என்றார். "சாயங்கால வெயிலு உள்ள வுழுந்தா நம்ம மில்லுல பறக்குமே, அதே மினுக்கு. இது அந்த மாவா தம்பி?"

கோபிநாத் தந்தையின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பிள்ளைக்கு வலித்திருக்கும். அதையும் எதிர்பார்த்துத்தான் அந்த மேசையைக் கொடுத்தேன்.

நான் முகக்கவசத்தைக் கழற்றினேன். கலியபெருமாள் அவர்களுக்கு என்னை அடையாளம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

"நீ... நீங்க கிளாட்வினோட அக்கா இல்ல?"

"ஆமாங்க ஐயா, ரூபி. அடக்கத்துக்கு வந்தீங்க, ரொம்ப நன்றி. அன்னிக்கு தம்பிய சரியா பாத்திருக்க மாட்டீங்க. இப்ப கிட்ட வந்து பாருங்க."

கலியபெருமாள் அவர்களுடைய பார்வை ஜாடிக்குப் போய் உடனே திரும்பியது. பார்வதி முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். ஜாடி மூடித்தான் இருந்தது. ஆயினும் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அவ்வாறே செய்தனர்.

"வாங்க எல்லாரும், வேனு நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கலியபெருமாள் அவர்கள் வேகமாக வெளியேறினார்கள்.

"மார்பு எக்ஸ்ரே எடுக்கற எடம் எதிர்க்கட்டடத்துலதாங்க இருக்கு. வாங்க, நானே கூட வர்றேன்" என்றேன் தொழிலாளர்களிடம், பணிவாக.

வாசலில் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பார்வதி என் பின்னால் வரிசையில் நின்றார். மற்றவர்கள் அவர் பின்னால் நின்றனர். வேனில் ஒருவரும் ஏறவில்லை.