பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே

சார், நெட்டை கால் வழுக்கி விழல. இன்னிக்குக் காலைல ஸ்டேஷன்ல நான் சொன்னதை நீங்க பாதிதான் கேட்டீங்க. மீதியையும் கேளுங்க. போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்புறேன், குறுக்கே பேச ஆள் இல்ல.

எனக்குக் கோபம் வந்தா கத்திடுவேன். பத்து நிமிஷத்துல அடங்கிடும். இருபது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றேன், நான் சண்டை போடாத மேனேஜர் இந்த ஊர்ல கிடையாது. ஆள் குட்டை, வாய் பெருசு. அதனால கடுகுன்னு பேர் வச்சான் நெட்டை. பதினொரு வருஷம் என்கூட ஜோடியா வேலை செஞ்சவன். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆபீசுக்குள்ள நுழைஞ்சா ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணு சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கும். இப்ப போன வாரம் மட்டும் நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன் சார். வினையே அதுலதான் வந்துச்சு.

எங்க வேலையில ஒரே ஒரு சட்டம். மொட்டை மாடியில மெஷின் ரூம் இருக்கும். அங்க மெயின் ஸ்விட்சை அணைச்சு, அது மேல அவனவன் தன் பூட்டைப் போட்டுட்டுத்தான் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கணும். பூட்டு தொங்கினா ஆள் உள்ளேன்னு அர்த்தம். அந்தப் பூட்டை அதைப் போட்டவனைத் தவிர எவனும் தொறக்கக் கூடாது, கம்பெனி முதலாளியே வந்தாலும். நாங்க ரெண்டு பேரும் அதுல ஒரு தப்பு பண்ணினோம். உள்ள ஒருத்தன் மயங்கிக் கிடந்தா லிஃப்டை நகர்த்தி அவனை வெளிய எடுக்கணுமே, பூட்டை உடைச்சிக்கிட்டா நிப்போம்னு சொல்லி, என் பூட்டோட இன்னொரு சாவியை அவன்கிட்டக் குடுத்தேன், அவனோடதை நான் வாங்கிக்கிட்டேன். அவனுக்குக் குடுத்த சாவியில சிவப்பு நூல் கட்டியிருந்தேன். இது கம்பெனிக்குத் தெரியாது. என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியும், நான்தான் உளறினேன்.

அவ எப்படி வந்தான்னு கேட்டீங்களே. ஒரு கண் ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா. நாலாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல, நாப்பது நிமிஷம். நெட்டை மேல போய் பிரேக்கைப் பார்த்தான், நான் கதவு இடுக்குல வாயை வச்சுப் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். வெளிய வந்ததும் எல்லாரும் லிஃப்டைத் திட்டுவாங்க, அதோட எங்களையும் திட்டுவாங்க. இவ திட்டல. என் முகத்தை நேராப் பார்த்து, "உங்க குரலைக் கேட்டதும் பயமே போயிடுச்சுங்க"ன்னு சொன்னா. எனக்கு வயசு நாப்பத்தி நாலு. என் குரலைக் கேட்டுப் பயம் வந்தவங்களைத்தான் அதுவரைக்கும் பார்த்திருந்தேன். வீடு வர்ற வரைக்கும் அந்த ஒரு வரியையே மென்னுக்கிட்டு வந்தேன்.

மறுநாள் அவளே போன் பண்ணினா. நான் என்ன சொன்னாலும் சிரிப்பா. நான் கத்தினா, "கோபம் இருக்கிற இடத்துலதானே குணம் இருக்கும்"னு சொல்லுவா. முத புருஷன் நெஞ்சுவலில போயிட்டாருன்னு சொல்லும்போது கண்ணு கலங்கும், ஆனா அழ மாட்டா. கல்யாணமாகி மூணாவது வருஷமே போயிட்டாராம். எங்க அக்கா மட்டும், "டேய், ஆழம் தெரியாம காலை விடாதே"ன்னா. உனக்குப் பொறாமைன்னு நானும் ரெண்டு சத்தம் போட்டேன், அதோட அக்கா வாயை மூடிக்கிட்டா. மூணே மாசத்துல கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நெட்டை. அவளைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவான்.

எட்டு மாசம் நல்லாத்தான் போச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் நெட்டை மாறிப்போனான். என்னை நேராப் பார்க்க மாட்டேங்கிறான். பேசிக்கிட்டே இருக்கிறவன் பாதியில நிறுத்திடுறான். திடீர்னு, "உடம்பெல்லாம் நல்லா இருக்கா? வயிறு சரியா இருக்கா?"ன்னு கேட்கிறான். என் வயித்தைப் பத்தி இவனுக்கு என்னடா கவலைன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. என் டிபன் பாக்ஸைத் தொறந்தா வேணாம் வா, வெளிய சாப்பிடலாம்னு கையைப் பிடிச்சு இழுக்கிறான். பதினொரு வருஷமா என் பாக்ஸ்ல கைவிட்டுச் சாப்பிட்டவன் சார்.

இதை வீட்ல சொன்னேன். அவ அடுப்பை அணைச்சிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்து, உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்னு ஆரம்பிச்சா. அப்புறம் போனைக் காட்டினா. நெட்டை நம்பர்ல இருந்து ஆறு தடவை கூப்பிட்டிருக்கான், எல்லாம் நான் வேலையில இருக்கிற நேரம். கீழ ஒரு மெசேஜ். "ஒரு வாரம் டைம் தர்றேன். நீயே முடிவு பண்ணு. அதுக்கப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்." எப்பவும் தங்கச்சின்னு கூப்பிடுறவன், அதுல அந்த வார்த்தையே இல்ல. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. அப்பவே கிளம்பிப் போய் அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன், அவதான் குறுக்க நின்னா. கேட்டா இல்லேன்னு சாதிப்பாரு, நாலு பேருக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம், என் மேல சத்தியம் பண்ணுங்க கேட்க மாட்டேன்னு. பண்ணினேன்.

அதோட விட்டாளா? தினம் ஒரு சொட்டு. ஒரு நாள், அவரு பார்வையே சரியில்லைங்கன்னா. இன்னொரு நாள், நீங்க இல்லேன்னா நான் தனி ஆளுதானேன்னு அவரு நினைக்கிறாரு போலன்னா. அஞ்சாவது நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, "உங்க பூட்டுச் சாவி இன்னும் அவர்கிட்டதானே இருக்கு?"ன்னு கேட்டா. அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்துச்சு. அந்தக் கேள்விக்கப்புறம் பயம் வந்துச்சு. நான் லிஃப்ட் மேல நிக்கும்போது பூட்டைத் தொறந்து ஒருத்தன் ஸ்விட்சைப் போட்டா நான் கூழு. யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க, எங்க வேலையில இது வருஷத்துக்கு ரெண்டு தடவை எங்கேயாவது நடக்கிறதுதான்.

முந்தாநாளோட அந்த ஒரு வாரம் முடிஞ்சுது. அன்னிக்குக் காலைல ஆறு மாடி ஆபீஸ் கட்டடத்துல வேலை. லிஃப்டோட கூரை மூணாவது மாடிக்கு நேரா வர்ற மாதிரி நிக்குது. அது மேல ஏறி நான் எண்ணெய் போடணும், நெட்டை மெஷின் ரூம்ல மோட்டாரைப் பார்க்கணும். வர்ற வழியில, சாயங்காலம் உன்கிட்ட கொஞ்சம் பேசணும்டான்னான். சாயங்காலம் நான் இருப்பேனான்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேன். அவன் கண்ணு முன்னாடியே ஸ்விட்சை அணைச்சு என் பூட்டைப் போட்டேன். லிஃப்ட் மேல இருக்கேன்னு சொல்லிட்டு இறங்கினேன்.

ஆனா மூணாவது மாடிக்குப் போகல சார். ஆறாவது மாடியிலேயே நின்னேன். அது காலியான மாடி, வாடகைக்கு ஆள் வரல. அங்க லிஃப்ட் கதவை அதுக்குன்னு இருக்கிற சாவியால தொறந்து வச்சிட்டு, படிக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். கீழ லிஃப்ட் மேல யாரும் இல்ல. அது ஒரு அடி அசைஞ்சாலும் நெட்டை என்னைக் கொல்லப் பார்த்தான்னு தெரிஞ்சிடும். கையில பெரிய ஸ்பானர். அசைஞ்சா மேல போய் அவன் மண்டையைப் பொளக்கணும்னு முடிவு பண்ணியிருந்தேன்.

பத்து நிமிஷம் ஆச்சு, அசையல. கால் மணி ஆச்சு, அசையல. எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ இளகுச்சு. அட, தப்பா நினைச்சிட்டமோன்னு ஸ்பானரைக் கீழ வச்சேன். அப்ப மேலே இருந்து, கடுகுன்னு ஒரு குரல். நான் பதில் சொல்லல. மறுபடியும் கூப்பிட்டான். மூணாவது தடவை குரல் கிழிஞ்சுது. அப்புறம் படிக்கட்டுல தடதடன்னு ஓடி வந்தான். தொறந்து கிடக்கிற லிஃப்ட் கதவைப் பார்த்ததும் அப்படியே நின்னான். அவன் வலது கையில என் சாவி. சிவப்பு நூல் தொங்குது.

அந்த நூலைப் பார்த்ததும் எனக்கு வேற எதுவும் தெரியல. அவன் ஒரு கையால கதவு ஓரத்தைப் பிடிச்சு உள்ள எட்டிப் பார்த்தான், முதுகு என் பக்கம். ரெண்டு எட்டு வச்சேன். தள்ளினேன். கத்தல, திட்டல. அவன் திரும்பிக்கூடப் பார்க்கல.

மூணு மாடி உயரம். லிஃப்ட் மேலதான் விழுந்தான். நான் மூணாவது மாடிக்கு ஓடி, கதவைத் தொறந்து லிஃப்ட் மேல இறங்கினேன். உயிர் இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அவன் முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு சார். அதை நான் எப்படிச் சொல்லுவேன்? "நீ நல்லா இருக்கியா?"ன்னு கேட்டான். "கூப்பிட்டேன், பதில் இல்ல, நீ விழுந்துட்டியோன்னு பயந்துட்டேன்டா. பார்த்துட்டு லிஃப்டை மேல எடுக்கலாம்னு சாவியை எடுத்துக்கிட்டு வந்தேன். கால் வழுக்கிடுச்சு."

தள்ளினது அவனுக்குத் தெரியவே இல்ல. தெரியாதுன்னுகூட இல்ல, நான் தள்ளுவேன்னு அவனுக்கு நினைக்கவே தோணல.

அப்புறம் என் காலரைப் பிடிச்சு இழுத்துச் சொன்னான். பேச்சு விட்டு விட்டு வந்துச்சு. "அவ முத புருஷனோட தம்பியைப் பார்த்தேன், ஒரு கட்டடத்துல வாட்ச்மேனா இருக்கான். நெஞ்சுவலி இல்லடா. ரெண்டு மாசமா சாப்பாட்டுல எதையோ கலந்திருக்கா. அவங்க வீட்ல கத்தியும் யாரும் கேட்கல, எரிச்சிட்டாங்க. ஒரு வாரம் டைம் குடுத்தேன், அவளே உன்கிட்ட சொல்லிட்டுப் போயிடட்டும்னு. இல்லேன்னா இன்னிக்கு நானே சொல்லலாம்னு இருந்தேன். அவ கையால சாப்பிடாதடா." அதுக்குள்ள, சத்தம் கேட்டு ஆபீஸ்காரங்க கூப்பிட்ட ஆம்புலன்ஸ்காரங்க வந்துட்டாங்க. அவங்ககிட்டயும் அதையே சொன்னான், கால் வழுக்கிடுச்சு, கடுகு மேல எந்தத் தப்பும் இல்லேன்னு. நீங்க கையில வச்சிருக்கிற வாக்குமூலம் அதுதான். வழியிலேயே போயிட்டான்.

நான் மெஷின் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். என் பூட்டு போட்டபடியே தொங்குச்சு.

இன்னிக்குக் காலைல உங்ககிட்ட வந்து நான்தான் தள்ளினேன்னு சொன்னேன். நீங்க அந்தக் காகிதத்தைப் படிச்சுக் காட்டி, செத்தவனே வழுக்கினேன்னு சொல்லியிருக்கான், நீ ஏன்யா உளர்றேன்னு கேட்டீங்க. அவளைப் பத்திச் சொன்னதுக்கு, யாரு சொன்னாங்கன்னு கேட்டீங்க. செத்தவன் சொன்னான்னேன். அதுக்குள்ள அவ வந்து நின்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு, அழல. ரெண்டு நாளா அவரு தூங்கல சார், கூடப்பிறந்தவர் மாதிரி பழகினாரு, துக்கத்துல யார் மேல பழி போடுறதுன்னு தெரியாமப் பேசுறாருன்னு சொன்னா. நீங்களும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா, தூங்க வைன்னு சொல்லிட்டீங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நானே அந்தக் குரலுக்கு மயங்கினவன்தான்.

கேட்டைத் தாண்டினதும் என் கையைக் கோத்துக்கிட்டா. ரோட்டைப் பார்த்துக்கிட்டே, "எனக்காகத்தானே செஞ்சீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னா. நான் தள்ளினதை அவகிட்ட நான் சொல்லவே இல்ல சார். உங்க ரூமுக்குள்ள சொன்னப்ப அவ வெளிய பெஞ்சுல இருந்தா. கேட்டிருப்பாளோ, இல்ல முதல்லேர்ந்தே தெரியுமோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

இப்ப வீட்லதான் இருக்கேன். மணி பன்னெண்டரை. அவளை அடிக்கணும்னு வரல, கத்தணும்னுகூட வரல. ஓடிப் போயிடலாம்தான். ஓடினா துக்கத்துல புத்தி பேதலிச்சு ஓடிட்டான்னு உங்ககிட்ட வந்து சொல்லுவா, நீங்களும் எழுதிக்குவீங்க. நெட்டை சொன்னதுக்கு வாயும் இல்ல, சாட்சியும் இல்ல. முத புருஷனோட தம்பி எந்தக் கட்டடத்துல இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது, அவங்க கத்தினப்பவே யாரும் கேட்கல. எரிச்ச உடம்புல இனி எதையும் தேட முடியாது.

என் உடம்பு இருக்கே.

சாப்பிட வாங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டா. போறேன். இன்னிக்குச் சாப்பாட்டுல ஒண்ணும் இருக்காது, அவ அவசரப்படுற ஆள் இல்ல. நாளைக்கும் சாப்பிடுவேன், அடுத்த மாசமும் சாப்பிடுவேன். ஒரு நாள் நெஞ்சுவலின்னு உங்களுக்குப் போன் வரும். அன்னிக்கு எரிக்க விடாதீங்க சார். அறுத்துப் பாருங்க.