பிளாஸ்திரி சுற்றிய நாற்காலி

"அம்மா, நீ எப்ப மன்னிப்பு நாற்காலில உக்காருவ?"

இரண்டு மாதத்துக்கு முன், தலை துவட்டிவிடும்போது நான்கு வயது மகள் கேட்டது. இன்று அந்தக் குட்டி நாற்காலியைத்தான் தாய் காலால் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சவப்பெட்டி வைக்க இடம் வேண்டும்.

"கையால தூக்கினா என்னவாம்? அக்கா ஆசையா வச்சிருந்தது" என்றான் கணவன். அழுது அழுது அவன் குரல் கம்மியிருந்தது.

இறந்தவர் அவனுடைய அக்கா, அவளுக்கு அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளாமல் இந்தக் கீழ்வீட்டில் தனியாக இருந்தவர். சபையில் இருபது வருடமாக மழலையருக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தவர். நேற்று விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. சீட்டை இரண்டு முறை படிக்காமல் ஒரு மாத்திரை கொடுக்க மாட்டாள். மனிதர்களிடமும் அப்படித்தான். "தப்பு பண்ணா அத்தை வீட்டு நாற்காலில உக்காரணும்" என்று மகள் சொன்ன அன்றே, பிள்ளையின் முதுகையும் முழங்காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. இல்லாததே சந்தேகத்தை வளர்த்தது. தடம் தெரியாமல் மிரட்டத் தெரிந்தவர் போலிருக்கிறது. அதற்கு முந்தைய வாரம்தான் அண்ணி கடைக்கு வந்து பெரிய பிளாஸ்திரிச் சுருள் ஒன்று வாங்கியிருந்தார்.

"யாருக்கு அண்ணி காயம்?"

"சொன்னா நீ சிரிப்பம்மா."

அந்தச் சிரிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். மகளைக் கீழே அனுப்புவதை நிறுத்தினாள். பகலில் காப்பகம், மாலையில் சளி என்று ஒரு சாக்கு. ஒருநாள் அண்ணியே, பிள்ளை விட்டுப்போன காலுறையோடு படியேறி வந்தார்.

"அவ தூங்கிட்டா அண்ணி."

உள்ளே மகள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். அண்ணி ஒரு கணம் காது கொடுத்தார். "சரிம்மா, தூங்கட்டும்" என்று காலுறையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

இப்போது ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். எது மிரள்கிறது, எது அம்மாவுக்குப் பின்னால் ஒளிகிறது என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு வாண்டு பெட்டி விளிம்பில் தாடையை வைத்து, "டீச்சர், எழுந்திரிங்க. எல்லாரும் வந்தாச்சு" என்றது. அதன் அம்மா விம்மினாள்.

'நல்லாத்தான் பழக்கி வச்சிருக்காங்க' என்று அவள் நினைத்தாள்.

சமையலறையில் மகள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அத்தை உன்னை எத்தனை தடவை இதுல உக்கார வச்சாங்க? பயப்படாம சொல்லு."

"என்னையா?" மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது பெரியவங்களுக்கும்மா. என்னைக் கத்தினா அத்தைதான் உக்காருவாங்க."

"யாரு இப்படிச் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாலைக் கொட்டினேனா, கத்தினாங்களா, அப்புறம் உக்காந்து 'அத்தை கத்தினது தப்பு, மன்னிச்சிரு'ன்னு சொன்னாங்க. நான் 'பரவால்ல அத்தை'ன்னு சொன்னாதான் எழுந்திருக்கணும். ஒருநாள் டமால்னு கால் உடைஞ்சு விழுந்துட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அவள் நாற்காலியைக் கவிழ்த்தாள். பின்கால் ஒன்றில், அவள் கடைப் பிளாஸ்திரி நான்கைந்து சுற்று, அழுக்கேறி இறுகியிருந்தது.

"என்னடி, போதகர் வந்துட்டாரு" என்று வெளியே கணவன் கூப்பிட்டான்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கணவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனான். "கீழ கதவைப் பூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

உள்ளே போய்த் தாழிட்டாள். நாற்காலியைக் கையால் தூக்கி வந்து, கூடத்தில் அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தாள். முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கால் கிறீச்சிட்டது, தாங்கியது.

"அண்ணி, அன்னிக்குப் பாப்பா தூங்கல" என்றாள். "நான் சொன்னது பொய். மன்னிச்சிருங்க."

மாடியில் மகள் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லாமல், அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.