ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள்

மேகலா டீச்சருக்கு எதிலும் அவசரம். பட்டுக்கோட்டைக்காரி. வேலை கிடைத்து, திருப்பனந்தாளில் ஒரு மாடி அறை பிடித்து, அங்கிருந்து மினி பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் வருகிற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்ந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரும் கடகடவென்று படித்துவிட வேண்டும், அதை நாலு பேர் பார்த்து மெச்சவும் வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் தப்பில்லை. மெச்சுதல் முந்திக்கொண்டதுதான் வம்பாகிவிட்டது.

வகுப்பு நூலகப் பெட்டியில் ‘வாத்தும் நண்டும்’ என்று ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், அடியில் ஒன்றிரண்டு சின்ன வரி. கூட்டத்தைத் தவறவிட்ட வாத்து வயலில் தனியாக நிற்கிறது. வரப்பில் ஒரு நண்டு, அதுவும் தனி. இரண்டும் சினேகமாகின்றன. மழை வந்ததும் வாத்து இறகை விரித்து நண்டுக்குக் குடை பிடிக்கிறது. பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாள் மேகலா இதை உருகி உருகி வாசித்துக் காட்டினாள்.

“வாத்து நண்டப் புடிச்சித் தின்னுரும் டீச்சர்,” என்றான் பரிதி. அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்வதை வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வருகிறவன்.

“நண்டு நனஞ்சா என்ன டீச்சர்? அது தண்ணியிலதான இருக்கு?” என்றாள் ஹாஃபிஸா.

படம் போட்டவர் வரப்பில் கால் வைத்ததே இல்லை போலிருக்கிறது. “இது நல்ல வாத்துடா, பேசாம கேளு,” என்று மேகலா ஒருவழியாகச் சமாளித்தாள். ஆனாலும் பிள்ளைகளுக்குப் புத்தகம் பிடித்துப்போயிற்று. தினமும் அதையே கேட்டார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகப் பிடித்துக்கொண்டவள் செந்தாமரை. வயல் வேலைக்குப் போகும் அமிர்தத்தின் மகள். சைக்கிள் கடை ஜாபிரின் மகள் ஹாஃபிஸாவும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே உயிர்த் தோழிகள். சத்துணவு முட்டையில் மஞ்சள் கரு ஒருத்திக்கு, வெள்ளை ஒருத்திக்கு என்று அவர்களுக்குள் ஒரு உடன்படிக்கை. பாய் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

பத்தே நாளில் செந்தாமரை புத்தகத்தை மடியில் வைத்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, ஏற்ற இறக்கத்தோடு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டாள். மேகலாவுக்குத் தலைகால் புரியவில்லை. செல்போனில் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். தலைமை ஆசிரியர் பரணிதரன், “மார்ச்சுல ஆண்டு விழா வருது. இந்தப் பொண்ணுதான் மேடையில படிக்குது,” என்று அறிவித்துவிட்டார். அமிர்தத்தைக் கேட்கவே வேண்டாம். உளுந்து வயலில் களை பறிக்கிற பெண்கள் எல்லோருக்கும் அந்த வீடியோவைக் காட்டி முடித்திருந்தாள்.

ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு செந்தாமரை வாசித்துக்கொண்டிருந்தாள். யாரோ சிந்திய சாம்பாரில் இரண்டு பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. அவை ஒன்றாகப் புரண்டதை அவள் கவனிக்கவில்லை. படத்தில் வெயில் அடிக்கிறது, நண்டு தூங்குகிறது. அவளோ விரலை ஓட்டிக்கொண்டு, “மழை கொட்டியது. வாத்து இறகை விரித்தது,” என்றாள்.

“தாமரை, அந்த வரிய இன்னொரு தடவ படி,” என்றாள் மேகலா.

“மழை கொட்டியது. வாத்து இறகை விரித்தது.”

மேகலா எழுந்துபோய்க் கரும்பலகையில் ‘மழை’ என்று மட்டும் எழுதிக் காட்டினாள். செந்தாமரை பலகையைப் பார்க்கவில்லை. ஹாஃபிஸாவின் வாயைப் பார்த்தாள். ஹாஃபிஸாவின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. “மழை,” என்றாள் செந்தாமரை.

மேகலாவுக்குச் சந்தேகம் தட்டியது. அன்று பள்ளி விடும் வரை சோதித்துப் பார்த்தாள். தன் பெயர், வாத்து, நண்டு, இன்னும் நாலைந்து சொற்கள் பார்வைக்குப் பழகியிருந்தன. மற்றபடி அந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஹாஃபிஸா படித்ததைக் காதால் வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். பிள்ளை மேல் என்ன கோபப்படுவது? தன் மேல்தான் அவளுக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தில் செய்கிற காரியம் உருப்படுமா? மறுநாள் ஹாஃபிஸாவை ஜன்னல் பக்கமும் செந்தாமரையைக் கதவுப் பக்கமும் உட்காரவைத்தாள். சினேகிதத்தைப் பற்றிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு சினேகிதிகளைப் பிரித்த புத்திசாலி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். செந்தாமரை நாலு நாள் வாயே திறக்கவில்லை. ஹாஃபிஸா முட்டையை முழுசாகத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

விஷயத்தைப் பரணிதரனிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, விழா நல்லபடியாக நடக்க வேண்டும் என்கிற கவலை. “மேடைக்குத்தானம்மா? மனப்பாடமாச் சொல்லிட்டுப் போவட்டும். கீழ உக்காந்திருக்கவங்களுக்கு என்ன தெரியப்போவுது?” என்றார். மேகலாவும் சரி என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு வந்த பிறகு அது சரியில்லை என்று அவளுக்குப் பட்டுக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் மினி பஸ்ஸுக்கு நிற்கையில் அமிர்தம் எதிரே வந்தாள். தலையில் சும்மாடு, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

“டீச்சர், நல்லாருக்கீங்களா? எங்க பொண்ணு வீட்டுல அந்தக் கதைய விடாம சொல்லிச் சொல்லி எனக்கே வந்துருச்சுங்க. ‘வயலில் ஒரு வாத்து நின்றது.’ பாருங்க!” என்று சிரித்தாள்.

“அவளுக்கு நல்ல ஞாபகசக்திக்கா,” என்றாள் மேகலா, எங்கோ பார்த்துக்கொண்டு.

“அது என் வளர்ப்புங்க. நடவுல நான்தான் பாட்டுக்கு அடி எடுத்துக் குடுப்பேன். ஒரு அடி குடுத்தா மத்த பொம்பளைங்க பின்னாடியே வாங்கிப் பாடணும். லீவுல இவளும் வரப்புல வந்து உக்காந்துக்குவா. ஒரு தடவ காதுல விழுந்தாப் போதும், புடிச்சிக்குவா.” அமிர்தம் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு மூணாவதோட படிப்பு நின்னுபோச்சு டீச்சர். எழுத்தப் பாத்தா கண்ணக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். இவ படிச்சா நானே படிச்ச மாதிரிங்க.”

பஸ் வந்தது. மேகலா ஏறி உட்கார்ந்தாள். திருப்பனந்தாள் வரும் வரை அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. செந்தாமரை ஏமாற்றவில்லை. ஒருத்தி எடுத்துக் கொடுப்பது, மற்றவர்கள் வாங்கிச் சொல்வது, அதுதான் படிப்பு என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கிறது. அதற்கு யாரும் வேறு சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக இருவரையும் பழையபடி பக்கத்தில் உட்காரவைத்தாள். மதியம் சாப்பாடு முடிகிற நேரத்தில் ஹாஃபிஸாவிடம் துண்டுக் காகிதங்களைக் கொடுத்தாள்.

“பழைய வரிய மறைச்சு, உனக்கு என்ன தோணுதோ அத எழுதி ஒட்டு. தாமரை படிக்கட்டும். ஆனா நீ வாயத் திறக்கக் கூடாது. உதடுகூட அசையக் கூடாது.”

ஹாஃபிஸா எழுதினாள். ஒட்டுவதற்குப் பசை தேடவில்லை. மதியச் சோற்றில் நாலு பருக்கையை எடுத்து நசுக்கித் தடவினாள். பிறகு இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

செந்தாமரை படத்தைப் பார்த்தாள். “வயலில் ஒரு வாத்து நின்றது.”

ஹாஃபிஸா இல்லை என்று தலையாட்டினாள்.

“வயலில் ஒரு வாத்து நின்றது!”

மறுபடியும் தலையாட்டல். எதிலும் அவசரப்படுகிற மேகலா அன்று தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்திருந்தாள். செந்தாமரையின் விரல் காகிதத்தின் ஓரத்திலிருந்து மெல்லக் கிளம்பியது. அவளுக்குத் தெரிந்த உருவம் ஒன்று முதலில் அகப்பட்டது.

“தாமரை...” என்றாள். விரல் நகர்ந்தது. “ஒ... ரு... ஒரு.” இன்னும் நகர்ந்தது. “வாத்து.”

மூன்றையும் சேர்த்து விரலை இன்னொரு தடவை ஓட்டினாள். பிறகு முகம் சிவந்துபோய், “ஏய்! என்னையா வாத்துங்குற?” என்று எழுந்தாள். ஹாஃபிஸா வாயைப் பொத்தியபடியே ஓட, இவள் துரத்த, வகுப்பே அமர்க்களப்பட்டது. மேகலா அதட்டவில்லை. சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அதுதான் பாடம். சில நாள் வசவு, சில நாள் ரகசியம், ஒரு நாள் ‘பரிதி பல் தேய்க்கவில்லை.’ எழுத்துகளின் கொம்பும் காலும் செந்தாமரையை ரொம்பவே படுத்தின. இரண்டு வரி படித்து முடிப்பதற்குள் மூக்கில் வியர்த்துவிடும். ஆனால் அடுத்தவள் வாயைப் பார்க்கிற வழக்கம் குறைந்துகொண்டே வந்தது. விழாவுக்கு மீதியிருந்த மூன்று வாரத்தை மேகலா நாள் நாளாக எண்ணினாள்.

விழா அன்று காலையில் துண்டுக் காகிதங்களை எல்லாம் உரித்து எடுத்தாள். பருக்கை காய்ந்து அவை சுலபமாகவே வந்துவிட்டன. ‘தாமரை ஒரு வாத்து’ என்று மேடையில் படிக்கவிட முடியுமா என்ன?

சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பந்தல். முன்வரிசை ஜமுக்காளத்தில் பிள்ளைகள், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர்க்காரர்கள். அமிர்தம் வேலைச் சேலையை மாற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாளையும் கூட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். செந்தாமரையின் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைத் தாழ்த்தி வைத்தார்கள். அவள் புத்தகத்தைத் திறந்தாள்.

“வயலில் ஒரு வாத்து நின்றது.”

பக்கம் புரண்டது. அடுத்தது, அதற்கடுத்தது. தங்குதடை இல்லாமல் வந்தது. கூட்டம் கைதட்டியது. மேடை ஓரத்தில் நின்ற மேகலாவுக்கு மட்டும் கை வரவில்லை. படிக்கிறாளா, சொல்கிறாளா? பயத்தில் பழைய மனப்பாடத்துக்கே போய்விட்டாளா? பக்கத்தில் நிற்கிற அவளுக்கே தெரியவில்லை என்றால் இந்த மூன்று வாரமும் எதற்கு என்று அவளுக்கு அழுகை முட்டியது.

கடைசிப் பக்கம். செந்தாமரை நின்றுவிட்டாள்.

விரல் வரியின் தொடக்கத்தில் இருந்தது. வாய் திறக்கவில்லை. கூட்டம் முதலில் பொறுத்தது, பிறகு சலசலத்தது. பரணிதரன் மேகலாவை முறைத்தார். நடுவிலிருந்து அமிர்தம் எழுந்து நின்றாள். எத்தனை நடவில் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்த குரல். மைக் தேவைப்படவில்லை.

“அன்று முதல் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள்! சொல்லு சாமி!”

செந்தாமரை தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் காட்டினாள். “இரும்மா. அது இல்ல. இங்க வேற எழுதியிருக்கு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேகலா ஓரடி முன்னால் வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். கடைசி வரியின் மேல் ஒரு துண்டுக் காகிதம். காலையில் அது இல்லை. ஓரத்தில் சோற்றுப் பருக்கை இன்னும் ஈரமாக இருந்தது. கீழே பார்த்தாள். முன்வரிசையில் ஹாஃபிஸா இரண்டு கையாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தாமரை...” என்றது மைக். “ப... பய... பயப்... படாதே.” விரல் நகர்ந்தது. நடுவில் ஒரு எழுத்தில் வெகுநேரம் நின்றது. யாரும் உதவிக்கு வரவில்லை. “நான். கீ... கீழே. இரு... இருக்... கிறேன்.”

படித்து முடித்துவிட்டுத்தான் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. சட்டென்று நிமிர்ந்து முன்வரிசையில் தேடினாள். ஹாஃபிஸா கைகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“இது புஸ்தகத்துலயே இல்லையேம்மா?” என்று பரணிதரன் கிசுகிசுத்தார். மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் நடுவில் அமிர்தம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாத்தாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருடி. என்ன, உன் மவ கடைசியில மாத்திச் சொல்லிட்டா?”

அமிர்தம் மெதுவாக உட்கார்ந்தாள்.

“மாத்தலக்கா,” என்றாள். “அது எனக்குத் தெரியாத அடி. யாரும் எடுத்துக் குடுக்கல. அவளே பாத்துப் படிச்சா.”

மேடையில் செந்தாமரை அந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாமா என்று டீச்சரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.