விசில் நிற்கும் வரை

எங்கள் தெருவில் எட்டு மாதத்தில் ஐந்து சங்கிலிப் பறிப்பு, இரண்டு வீட்டில் பூட்டு உடைப்பு. மருந்துக்கடைக்காரரின் மனைவியைப் படிக்கட்டில் உருட்டிவிட்டுக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனான் ஒருவன். இடுப்பு எலும்பு முறிந்து அவள் இன்னும் படுத்த படுக்கைதான். போலீசில் போய்ச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொள்வதோடு சரி.

அதனால்தான் குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. செயலாளரை நாங்கள் 'மைக்' என்போம். பால் வாங்கப் போனால்கூட மேடையில் நிற்கிற மாதிரிதான் பேசுவார். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார்.

"விசில் கேட்டா எல்லாரும் வெளிய வாங்க. எவன் ஓடுறானோ அவனை மடக்குங்க. விசில் நிக்கிற வரைக்கும் விடாதீங்க."

"மடக்கினா மட்டும் போதுமா?" என்று கேட்டது நான்தான். "போலீஸ் வர்றதுக்குள்ள நாலு சாத்து சாத்துங்க. அப்பதான் அடுத்தவன் இந்தப் பக்கம் தலை வைக்க மாட்டான்."

கைதட்டினார்கள். என் தம்பிதான் பலமாகத் தட்டினான். தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவள் நான். எனக்கு ஒன்றென்றால் முன்பின் யோசிக்க மாட்டான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு குண்டூசிகூடக் காணாமல் போகவில்லை. காலி வீடுகளுக்கு ஆள் வந்தது. மைக்கைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். என் தையல் கடைக்கு ஒருவன் வந்தான். படிய வாரிய தலை, வெள்ளைச் சட்டை. பேன்ட் இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்றான். அளவு நாடாவோடு குனிந்தேன். கழுத்தில் கை விழுந்தது. சங்கிலி லேசில் அறுபடவில்லை. என் முகத்தை மேசை விளிம்பில் இரண்டு முறை மோதினான். பல் உடைந்து, உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். மூன்றாவது இழுப்பில் சங்கிலி அறுந்தது, கழுத்துத் தோலையும் சேர்த்து.

சரியாக அப்போதுதான் என் புருஷன் வாசலில் வண்டியை நிறுத்தினார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஏதோ கருவியை மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறார். தலையில் முகத்தை மூடும் ஹெல்மெட், அதில் கறுப்புக் கண்ணாடி. என் முகத்தைப் பார்த்தார், ஓடுகிறவனைப் பார்த்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் பாய்ந்தார்.

நான் விசிலை எடுத்து ஊதினேன்.

திருடன் கெட்டிக்காரன். முனை திரும்பியதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்திருக்கிறான். பின்னால் ஓடி வந்தது என் புருஷன் ஒருவர்தான். ஆளுக்கொரு கட்டையோடு வெளியே வந்தவர்களின் கண்ணில் அவர்தான் பட்டார். பட்டறை கேமராவில் இதையெல்லாம் பிறகு பார்த்தேன். விழுந்து கிடந்தவரை அந்தத் திருடனும் கூட்டத்தோடு நின்று ஒரு மிதி மிதித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனான்.

நான் முனை திரும்பும்போது இருபது முப்பது பேர் வளைத்து நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டை எலும்பில் படுகிற சத்தம் எனக்கே கேட்டது. அகப்பட்டான் என்று நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாக இருந்தது. வாயில் ரத்தம் வழிய இன்னும் பலமாக ஊதினேன். நான் ஊத ஊத அவர்கள் அடித்தார்கள்.

உள்ளே தம்பி அந்த ஆளின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தான். கையில் இரும்புக் கம்பி. "எங்கக்கா மேலயாடா கை வச்ச? மூஞ்சியக் காட்டுடா," என்று ஹெல்மெட் வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கீழே கிடந்தவரின் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. பேன்ட்டின் அடிமடிப்பில் நீல நூல். காக்கி நூல் தீர்ந்துபோய், யார் பார்க்கப்போகிறார்கள் என்று முந்தின நாள் நான் தைத்தது.

விசிலைத் துப்பினேன். "விடுங்க, அது எம்புருஷன்," என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. தம்பி ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்தான். ஓங்கிய கம்பி இறங்கிவிட்டது. முகத்தை அவன் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

"மாமா," என்றான்.

ஒவ்வொருவராகக் கட்டையைக் கீழே போட்டுவிட்டு அவரவர் வாசலுக்குப் போனார்கள்.

இடது கண் போய்விட்டது. தாடை மூன்றாக உடைந்திருக்கிறது. விலா எலும்பு நுரையீரலில் குத்தியிருப்பதால் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் எழுத ஒரு காவலர் வந்தார். அவர் வருவதற்கு முன்பே மைக் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"திருடனும் அவன் ஆளுங்களும் அடிச்சாங்கன்னு சொல்லிடும்மா. வைத்தியச் செலவை சங்கம் பாத்துக்கும். தெருவுக்குன்னு ஒரு நல்ல பேரு வந்திருக்கு. உன் தம்பியையும் யோசி."

தம்பி எதிர்ச் சுவரோரம் குந்தியிருந்தான். கையில் காய்ந்த ரத்தத்தைக் கழுவக்கூட இல்லை. "என் பேரச் சொல்லிடாதக்கா," என்றான். "உள்ள போயிட்டா நான் அவ்வளவுதான்கா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

காவலர் பேனாவைத் திறந்தார். "அடிச்சது யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியும். அடிக்கணும்னு கூட்டத்துல பேசினது நான். அடிச்சதுல முதல் ஆளு என் தம்பி."

காவலர் நிமிர்ந்தார். "கூடப் பொறந்த தம்பியா?"

"நான் வளர்த்த தம்பி." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். தையல் போட்ட உதடு பிரிந்து மறுபடி ரத்தம் வந்தது.

"மத்தவங்க?" என்றார் காவலர்.

மைக் எழுந்து, ஒரு போன் பேச வேண்டும் என்று வாசல் பக்கம் நகர்ந்தார். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வந்து என் பக்கத்தில் நின்றான்.

"நீ போய் மாமாகிட்ட இரு அக்கா," என்றான். "மத்தவங்க பேரை நான் சொல்றேன்."